தாத்தாவின் பட்டாளத்துக் கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டலாமா?

கேள்வி: வேலூர் பக்கம் எங்கள் ஊர். போன மாதம் பழைய வீட்டை இடித்தபோது பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே அவர் பாட்டிக்கு எழுதிய 43 கடிதங்கள். 1941 முதல் 1946 வரை பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். எழுத்தெல்லாம் ஊதா நிறம். சில கடிதங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருக்கின்றன. எதிலும் ஊர்ப் பெயர் இல்லை. அனுப்புநர் விலாசத்தில் 'மெட்ராஸ் எஸ் அண்ட் எம்' என்று இருக்கிறது. அதன் கீழே முதலில் எம்.ஈ.எஃப். என்றும், பிறகு வந்தவற்றில் சி.எம்.எஃப். என்றும் ஆங்கில எழுத்துகள். அப்பாவுக்கு 84 வயது. தாத்தா கப்பல் ஏறும்போது அவர் கைக்குழந்தை. தாத்தா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். வயல் வரப்பில் ஓடியதற்காக பெல்ட்டால் அடி வாங்கியதை ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் கடிதத்துக்குக் கடிதம் தாத்தா, குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார். கடிதங்களை எப்படிக் காப்பாற்றுவது? தாத்தா எங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா? அப்பாவிடம் படித்துக் காட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். ஆனால் அந்த ஊதா எழுத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அவசரம்.

அது பெரும்பாலும் மை இல்லை, காப்பியிங் பென்சில். பென்சில் கரியோடு ஊதாச் சாயம் கலந்து செய்தது. மைக்கூடு வேண்டாம், எழுதினால் ரப்பரால் அழிக்க முடியாது, அதனால் பட்டாளத்தில் நிறையப் புழங்கியது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும், ஈரம் பட்டால் ஊதாவாகும். உங்கள் கடிதங்கள் முழுக்க ஊதாவாக இருக்கிறது என்றால் ஏற்கெனவே ஈரக்காற்று பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய பத்திரத்தின் மடிப்பை நிமிர்த்த ஈரப் பஞ்சை ஒற்றினேன். அது காப்பியிங் பென்சில் என்று தெரியவில்லை. கையெழுத்து என் கண் முன்னால் கத்தரிப்பூ நிறத்தில் விரிந்து கரைந்தது. அந்தக் குடும்பத்திடம் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த நாளை நான் மறக்கவில்லை. ஆகவே தண்ணீர், ஆவி, ஈரத்துணி எதுவும் கிட்டே வரக்கூடாது. எச்சில் தொட்டுப் புரட்டவும் வேண்டாம்.

ஒட்டிப்போனவற்றைப் பிரிக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில், நிழலில், ஒரு வாரம் அப்படியே காயவிடுங்கள். தானாக விடுபடுவது விடுபடட்டும். விடாததைக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்காமல், காகிதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மெல்ல நழுவவிட்டு எடுங்கள். லேமினேஷன் கூடாது, செலோடேப் கூடாது. நல்லது செய்வதாக நினைத்துக் குடும்பங்கள் செய்யும் இந்த இரண்டும்தான் நான் பார்த்ததில் அதிகக் காகிதங்களை அழித்தவை. கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். அந்துருண்டை வேண்டாம்.

படியெடுக்க ஜன்னலோர வெளிச்சத்தில் கைபேசியே போதும், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். இரண்டு பக்கமும், உறையும், உறையின் உட்புறமும் எடுங்கள். பிறகு படிப்பதெல்லாம் அந்தப் படங்களில்தான். மூலத்தைத் திரும்பத் திரும்ப விரிக்காதீர்கள்.

இது எவ்வளவு அரிய பொருள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் படித்து, பல பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. அந்த மொழிபெயர்ப்புகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிப்பாய்கள் தங்கள் மொழியில் எழுதிய மூலங்கள் பெரும்பாலும் போய்விட்டன. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் இந்தியப் படையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழில் எழுதிய 43 கடிதங்கள் உங்கள் பரணில் இருந்திருக்கின்றன.

எங்கே இருந்தார் என்பதற்குப் பாதி விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. 'எஸ் அண்ட் எம்' என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது படையின் பொறியியல் பிரிவு. எம்.ஈ.எஃப். என்பது மத்திய கிழக்குப் படை. எகிப்து, லிபியா அதில் அடங்கும். சி.எம்.எஃப். என்பது மத்திய மத்தியதரைக் கடல் படை, இந்தியச் சிப்பாய்க்கு அது பெரும்பாலும் இத்தாலி. ஊர்ப் பெயர் எழுத அனுமதியில்லை, அதனால்தான் இந்த எழுத்துகள். உறையில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தால் அதில் எஃப்.பி.ஓ. எண் இருக்கும். ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், அதாவது படையோடு நகர்ந்துகொண்டே இருந்த தபாலாபீஸ். எந்த எண் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்ற பட்டியல் அஞ்சல்தலை சேகரிப்பவர்களிடம் உண்டு. எண்ணும் தேதியும் சேர்ந்தால் ஊர் கிடைத்துவிடும்.

தேதி ஆங்கிலத்தில் இல்லாமல் 'தாரண வருஷம் பங்குனி' என்பதுபோல் இருந்தால் திகைக்க வேண்டாம். விஷு 1941 சித்திரையில் தொடங்குகிறது. சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945. பங்குனி வருஷத்தின் கடைசி மாதம் என்பதால் தாரண பங்குனி என்றால் 1945 மார்ச், ஏப்ரல். எழுத்தில் ணை, லை, றா, னா எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும், புள்ளியும் பல இடத்தில் இருக்காது. வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். ஊரில் எழுபதைத் தாண்டிய யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம்.

பணி ஆவணத்துக்கு, உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். படைப்பிரிவின் பெயர் முழுதாகக் கிடைத்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பிரிவின் வார் டைரி, அதாவது அன்றாட நடவடிக்கைக் குறிப்பேடு, இருக்கிறதா என்றும் தேடலாம். அதில் தாத்தாவின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த நாள் எங்கே பாலம் போட்டார்கள், எங்கே மைன் (கண்ணிவெடி) எடுத்தார்கள் என்று இருக்கும்.

சரி, இப்போது அப்பா.

அந்தக் கடிதங்களைப் பாட்டி மட்டும் படிப்பதாக நினைத்துத் தாத்தா எழுதவில்லை. அங்கே ஒரு தணிக்கை அதிகாரி படிப்பார். இங்கே பாட்டிக்கு எழுத்து தெரியாது என்றால் வாத்தியாரோ தபால்காரரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவார், மாமியாரும் கேட்பார். எழுதியதே பக்கத்துக் கட்டிலில் இருந்த படித்த சிப்பாயாகக்கூட இருக்கலாம்; 43 கடிதத்திலும் ஒரே கையெழுத்துதானா என்று பாருங்கள். இத்தனை பேர் நடுவில் ஒரு மனிதர் 'இவ்விடம் க்ஷேமம்' என்றுதான் எழுத முடியும். பயத்தை எழுத முடியாது. மணியார்டர் வந்ததா, மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்று கேட்கலாம். 'குழந்தை எப்படி இருக்கிறான்' என்பதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் வெளிப்படையாகக் கேட்க முடிந்த ஒரே சொந்தக் கேள்வி அதுவாக இருந்திருக்கலாம். ஏக்கம் முழுவதும் அதில்தான் போயிருக்கும்.

ஆனால் ஐந்து வருஷமும் அவர் மனதில் இருந்தது கைக்குழந்தை. 1946இல் வாசலில் நின்றது ஐந்து வயதுப் பையன். அந்தப் பையனுக்கு இவர் யாரென்றே தெரியாது. பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றிருப்பான். போரிலிருந்து அப்பா திரும்பிய எத்தனையோ வீடுகளில் முதல் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்கியிருக்கிறது.

அப்புறம் அந்த வரப்பு. நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது என்னை விடவில்லை. இத்தாலியில் சாப்பர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று மைன் எடுப்பது. ஜெர்மானியர்கள் மரப்பெட்டியில் செய்த மைன்களைப் புதைத்திருந்தார்கள், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டருக்கு அவை எளிதில் சிக்காது. குப்புறப் படுத்து, பயனட் (துப்பாக்கியில் மாட்டும் கத்தி) முனையால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தித் தேட வேண்டும். வெள்ளை நாடா கட்டிய பாதையை விட்டு ஒருவன் கால் வைத்தால் அவனோடு போகாது. மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கப்போன மைன் மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா இந்த வேலையைச் செய்திருந்தால், ஒரு சிறுவன் மண் வரப்பில் கண்மூடித்தனமாக ஓடுவதைப் பார்த்தபோது அவர் உடம்பு என்ன செய்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். போருக்குப் போகாத அப்பாக்களும் அந்தக் காலத்தில் பெல்ட்டை எடுத்தார்கள். இதுவே காரணமாக இருந்தாலும் அடி அடிதான், அதை வாங்கியது ஒரு குழந்தை. போர் மனதில் விடும் காயத்துக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். திடுக்கிட்டு விழிப்பது, சட்டென்று சீறுவது, பேசாமல் கிடப்பது, இதெல்லாம் அதன் அறிகுறிகள். ஊரில் அதற்குப் 'பட்டாளத்துக்காரன் கோபம்' என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். வீட்டுப் பிள்ளைகளால் ஒதுங்க முடியவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வீடே அடங்கிப்போகும் என்று பழகிய பிள்ளை, எண்பது வயதிலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அதனால் படித்துக் காட்டலாமா என்பதற்கு என் பதில்: அப்பாவைக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 'பாருங்கப்பா, தாத்தா உங்களை எவ்வளவு நேசித்திருக்கிறார்' என்று மட்டும் தொடங்காதீர்கள். அது அவர் பட்ட அடியைப் பொய் என்று சொல்வதுபோல் காதில் விழும். கடிதத்தில் இருப்பவரும் உண்மை, பெல்ட்டை எடுத்தவரும் உண்மை. பெட்டி கிடைத்தது, கடிதங்கள் இருக்கின்றன, உங்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் படிக்கிறேன் என்று அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். எழுந்து போனால் போகட்டும். ஒரே ஒரு கடிதத்தைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, அவர் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். தனியாகப் படிக்கும் உரிமை அவருக்கு உண்டு. எந்தக் கடிதம் என்று தேர்ந்தெடுக்கும் முன் 43ஐயும் நீங்கள் படித்துவிடுங்கள். பாட்டியோடு மனத்தாங்கல், கடன், வேறு விவகாரம் எதுவும் எதிர்பாராமல் அவர் முன் வந்து நிற்கக்கூடாது.

அவர் பேச ஆரம்பித்தால் திருத்தாதீர்கள். தேதி தப்பாகச் சொன்னாலும் விடுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் சொல்வது 44ஆவது கடிதம், பாட்டி எழுதிய பதில்கள் ஒன்றுகூட மிஞ்சாத நிலையில் வீட்டுப் பக்கத்துக் கதை அவரிடம்தான் இருக்கிறது. படித்தபின் தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ கடிதங்களை நிறுத்திவையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள். உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டிரங்குப் பெட்டியின் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பட்டாளத்துப் பெட்டிகளில் சிப்பாயின் எண்ணையும் பெயரையும் வெள்ளைப் பெயின்டில் எழுதும் வழக்கம் உண்டு. மேலே வேறு பெயின்ட் அடித்திருந்தாலும் எழுத்தின் மேடு தெரியும், சுரண்ட வேண்டாம். பதக்கம் ஏதாவது இருந்தால் ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள், அங்கேயும் எண் பொறித்திருக்கலாம். எண் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை அந்த எண்ணை வைத்து எப்படி நிரப்புவது என்று சொல்கிறேன்.