சிறுதேக்கு: கேள்வி பதில்

கேள்வி (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்): எங்கள் வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. சிறுதேக்கு என்பது அதன் குட்டை வகையா?

பதில்: இல்லை ஆச்சி, இது வேர் மருந்தாகும் ஆளுயரப் புதர். ஆனால் உறவு உண்டு. தேக்கு, நொச்சி, சிறுதேக்கு ஆகிய மூன்றையும் முன்பு வெர்பினேசி என்ற தாவரக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள்; இன்று அவை துளசியும் புதினாவும் அடங்கிய குடும்பத்தில் இருக்கின்றன. தேக்கின் இளங்கிளையை விரலால் உருட்டிப் பாருங்கள், துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டையாக இருக்கும்.

கேள்வி (காரைக்குடி): நர்சரியில் சிறுதேக்கு என்று வாங்கிய செடி நீலமாகப் பூத்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன்.

பதில்: இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நீலப் பட்டாம்பூச்சிச் செடி.

கேள்வி (தேவகோட்டை): எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? இரண்டின் பூவும் ஒன்றுதானே?

பதில்: பூவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. இரண்டும் ரோத்திகா என்ற ஒரே பேரினம். நான்கு இதழ்கள் வெளிர்நீலம், கீழிதழ் மட்டும் அடர்நீலம், மகரந்தத் தாள்கள் வெளியே நீண்டு வளைந்திருக்கும். ஆனால் சிறுதேக்கின் இலை ஒரு சாண் வரை நீண்டு, விளிம்பில் ரம்பப் பல் கொண்டிருக்கும். ஒரே கணுவில் மூன்று இலைகள் நிற்பதும் உண்டு. அதன் பூக்கள் கிளை நுனியில் நிமிர்ந்த பெரிய கொத்தாக, இடையிடையே சிறு இலைகளோடு வரும். படத்தில் இருப்பதோ சிறிய இலையும் தளர்ந்த கொத்தும். அழகான செடி, தாராளமாக வளருங்கள். மருந்துக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி (தேவகோட்டை, மீண்டும்): எங்கள் பாட்டி வேறொரு குட்டைச் செடியையே சிறுதேக்கு என்பார்.

பதில்: பாட்டி சொன்னதில் தவறில்லை. முன்னை இனத்துக் குறுஞ்செடி ஒன்றின் வேரும், நம் சிறுதேக்கின் வேரைப் போலவே, பாரங்கி என்ற பெயரில் மருந்துக்குப் போகிறது. அதனால்தான் பெயரை நம்பாமல் இலையையும் பூவையும் பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

கேள்வி (புதுவயல்): மூச்சு இளைப்புக்கு வேர்ப்பொடி எவ்வளவு சாப்பிடலாம்?

பதில்: சித்த மருத்துவரைக் கேளுங்கள். மலையிலிருந்து வேரைப் பிடுங்கி வராதீர்கள். வேர் போனால் செடியே போயிற்று, காடுகளில் இது அருகி வருவதற்கு அதுவே பெரிய காரணம்.

கேள்வி (பள்ளத்தூர்): வேர் எங்கே கிடைக்கும்?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (கோட்டையூர்): நம் செம்மண்ணில் வளருமா?

பதில்: மலைச்சரிவின் ஈரத்தில் வளரும் செடி இது, நம் சித்திரை வெயிலை நேரே தாங்காது. கிணற்றடி மரநிழலில், மக்கிய இலைச்சருகு கலந்த, நீர் தேங்காத குழியில் ஐப்பசி மழையோடு நடுங்கள்.

கேள்வி (செக்காலை): வேர் விற்பனைக்கு உண்டா?

பதில்: இல்லை. வளர்ப்பதற்குத் தண்டுத் துண்டு கேட்பவர்களுக்கு மட்டும் தருவேன்.