தசமபாகமும் அம்மாவின் இன்சுலினும்

கேள்வி: அம்மா, நான் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக வேலை செய்கிறேன். திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என் ஏடிஎம் அட்டை கணவரிடம்தான் இருக்கிறது. சம்பளம் வந்த அன்றே தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, எடுத்துச் சபையில் கட்டிவிடுகிறார். விதவையான என் தாயாருக்கு இன்சுலின் வாங்கப் பணம் கேட்டால், "கர்த்தருக்குக் கொடுத்தது போக மீதியிருந்தால் பார்க்கலாம்" என்கிறார். குடும்ப ஜெபத்தில், மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22ஐ என்னைப் பார்த்தே வாசிக்கிறார். நான் கீழ்ப்படியாத மனைவியா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை மகளே. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வை.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். உலை கொதிக்கும்போது அம்மா படியால் அரிசி அளப்பார். களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும், பிடியரிசிக் காணிக்கை. அரிசி குறைவான நாட்களில் விரல்களை மடக்கிச் சிறு பிடியாக அள்ளுவார். பனைத் தொழிலில் வந்த காசெல்லாம் அப்பாவின் கையில்தான். ஆனாலும் அந்தப் பிடி எவ்வளவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருந்த காரியம்.

பவுலும் இதைத்தான் எழுதினார்: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" (2 கொரிந்தியர் 9:7). உன் சம்பளத்தை உன்னைக் கேளாமல் எடுத்துக் கட்டினால், ரசீதில் யார் பெயர் இருந்தாலும் அது நீ கொடுத்த காணிக்கை ஆகாது.

தாயாரின் மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7இல் இருக்கிறது. தசமபாகத்தையே எடுத்துக்கொண்டாலும், மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தை, ஆலய ஊழியம் செய்த லேவியனோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்கிறது உபாகமம் 14. உன் அம்மா அந்த வசனத்துக்குள் இருக்கிறார், மகளே.

இனி எபேசியர். உன் கணவர் ஒரு வசனம் பிந்தி ஆரம்பிக்கிறார். 21ஆம் வசனம் "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22இல் வினைச்சொல்லே இல்லை. 21இல் உள்ளதைச் சேர்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். பவுல் மனைவியிடம் பேச வேண்டியதை மனைவியிடமே பேசினார். "உன் மனைவியைக் கீழ்ப்படிய வை" என்று புருஷனுக்கு அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு எழுதியது வேறு: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியில் அன்புகூர வேண்டும் (25ஆம் வசனம்). சிலுவை வரை போகிற தலைமை அது.

வீட்டில் சண்டை வேண்டாம். ஆனால் அட்டையைத் திரும்பக் கேள். மாதத் தொடக்கத்தில் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: வாடகை, பால், காணிக்கை, இன்சுலின். அவர் மறுத்தால், நீங்கள் இருவரும் மதிக்கிற மூத்த தம்பதியரை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னால் பேசு.

குடும்ப ஜெபத்தில் இந்த வாரம் எபேசியர் 5ஐ 21இலிருந்து 33 வரை வாசியுங்கள். மனைவிகளுக்கு எழுதியதை நீ வாசி. புருஷர்களுக்கு எழுதியதை அவர் தன் வாயால் வாசிக்கட்டும். அவர் 25ஐ வாசிக்கும்போது தலை நிமிர்ந்து அவரைப் பார்க்காதே. வேதத்தைப் பார்த்துக்கொண்டிரு.