எத்தனை லைன் போதும்? அலுவலகத் தொலைபேசி எக்சேஞ்ச்: கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் அலுவலக எக்சேஞ்ச் (சில வெளி லைன்களை உள்ளே இருக்கும் பல போன்களுக்குப் பகிர்ந்து தரும் பெட்டி) பொருத்துவதும் பழுது பார்ப்பதும் 22 ஆண்டுகளாக என் தொழில். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் அலுவலகத்தைக் கவனித்து வருகிறேன். 4 வெளி லைன்களும் 32 எக்ஸ்டென்ஷன்களும் (உள் போன்கள்) உள்ளன. காலையில் எப்போது கூப்பிட்டாலும் எங்கேஜாக இருக்கிறது என்று நோயாளிகள் குறை சொல்கிறார்கள். அழைப்புப் பதிவை எடுத்துப் பார்த்தால் 10 மணி முதல் 11 மணி வரை 60 அழைப்புகளே இருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். இன்னும் எத்தனை லைன் வாங்க வேண்டும்?

பதில்: 60 அழைப்புகளை 3 நிமிடத்தால் பெருக்கினால் 180 நிமிடம். அதை ஒரு மணி நேரத்தின் 60 நிமிடத்தால் வகுத்தால் 3 வருகிறது. இந்த அளவுக்கு எர்லாங் என்று பெயர். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் சராசரியாக 3 லைன்கள் பேச்சிலேயே இருந்தன என்பது இதன் பொருள். மூன்றுக்கு நான்கு இருக்கிறதே, ஒன்று மிச்சம்தானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று வருவதில்லை. பத்து நிமிடம் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். 3 எர்லாங் சுமையை 4 லைன்களில் ஏற்றினால், எத்தனை பேருக்கு லைன் கிடைக்காது என்று கணக்கிடும் எர்லாங் பி சூத்திரத்தின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் எங்கேஜ் ஒலியைக் கேட்டுத் திரும்புவார்கள். அதை நூற்றுக்கு ஒருவருக்கும் கீழாகக் கொண்டுவர 8 லைன்கள் வேண்டும்.

பெரும்பாலோர் கணக்கை இத்துடன் முடித்துவிடுகிறார்கள். நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதற்கு மேல்தான் வாதம் தொடங்கும். உங்கள் பதிவில் இருப்பவை உள்ளே வந்து சேர்ந்த அழைப்புகள் மட்டுமே. திரும்பிப் போனவர்கள் உங்கள் எக்சேஞ்சுக்கு வரவே இல்லை என்பதால் அவர்களைப் பற்றி அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது. 4 லைன்கள் 3 எர்லாங்கைச் சுமந்திருக்கின்றன என்றால், வாசலுக்கு வந்த சுமை ஏறத்தாழ 5 எர்லாங்காக இருந்திருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 வீதம் திரும்பிப் போயிருக்கிறது. 5 எர்லாங்குக்கு 11 லைன்கள் தேவைப்படும். ஆனால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பியவர் அடுத்த நிமிடமே மறுபடியும் கூப்பிடுகிறார். சூத்திரமோ, திரும்பியவர் திரும்பியவர்தான் என்று வைத்துக்கொள்கிறது. ஒரே ஆள் மூன்று முறை எண்ணப்படுவதால் உண்மையான தேவை எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் இருக்கும். முதலில் 8 ஆக்குங்கள், இரண்டு வாரம் அளந்து பாருங்கள், அதன் பிறகு மேலே போகலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். சில எக்சேஞ்சுகளின் பதிவு, போனை எடுத்த நொடியிலிருந்தே நேரத்தைக் கணக்கிடும்; ஆனால் மணி அடிக்கும்போதும் லைன் பிடிபட்டுத்தான் இருக்கிறது. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால், அழைப்புக்குப் பத்துப் பதினைந்து நொடி கூட்டிக்கொள்ளுங்கள். மற்றொன்று, உள்ளே வரும் அழைப்புகள் முதல் லைனிலிருந்து ஏறுவரிசையில் நிரம்பினால், வெளியே போகும் அழைப்புகளைக் கடைசி லைனிலிருந்து இறங்குவரிசையில் எடுக்கும்படி அமையுங்கள். இரண்டும் ஒரே லைனில் மோதிக்கொள்வது குறையும்.

கேள்வி: வண்ணார்பேட்டையில் எங்களுக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. பட்டுப் பிரிவுக்கு 4 லைன், ஆண்கள் பிரிவுக்கு 4 லைன் என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும்படி முதலாளி சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நூற்றுக்கு ஒருவர் மட்டுமே திரும்ப வேண்டும் என்ற அளவை வைத்தால், 4 லைன்கள் தாங்குவது 0.87 எர்லாங். அப்படி இரண்டு கூட்டங்கள் சேர்ந்தாலும் 1.74தான். அதே 8 லைன்களை ஒரே பைலட் நம்பரின் (எல்லோரும் கூப்பிடும் பொது எண்) கீழ் ஹன்டிங்கில், அதாவது காலியாக இருக்கும் லைனுக்கு அழைப்பு தானாகப் போகும்படி வைத்தால் 3.13 எர்லாங் தாங்கும். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைக்கிறது. பிரிவுகளைப் பிரிப்பதற்கு ‘பட்டுக்கு 1, ஆண்கள் உடைக்கு 2’ என்று உள்ளே வந்தபின் கேட்கும் குரல் அறிவிப்பு போதும்.

கேள்வி: முக்கூடலில் பீடிக் கம்பெனி அலுவலகம். யாரும் பேசவில்லை, ஆனாலும் இரண்டு லைன்களில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பெட்டியை ஆஃப் செய்து போட்டால்தான் சரியாகிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய பதிவில் ஒரு வரி இப்படி இருக்கிறது: ‘10:42, லைன் 03, லைன் 04, 00:41:17’. உள்ளே வந்த அழைப்பு ஒன்று, இன்னொரு லைன் வழியாக முதலாளியின் கைப்பேசிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இருவரும் பேசி வைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு முனையும் வெளி லைன்கள் என்பதால், பேச்சு முடிந்தது என்று பெட்டிக்குச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. செம்புக் கம்பி லைனில் எங்கேஜ் ஒலியைக் கேட்டுத்தான் பெட்டி அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் அந்த ஒலி 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி நிற்கும். பெட்டியில் வேறு நாட்டு அமைப்பு இருந்தால் அது காதிலேயே விழாது. நாட்டின் பெயரை இந்தியா என்று மாற்றுங்கள். லைனுக்கு லைன் மாற்றும் அழைப்புக்கு 15 நிமிட உச்சவரம்பும் வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் அழைப்பு நெரிசலை அளக்கவே வேண்டாம். இந்தப் பேய் அழைப்பு ஒன்று மட்டும், இரண்டு லைன்களையும் சேர்த்தால், அந்த மணிக்கணக்கில் 1.4 எர்லாங்கை விழுங்கியிருக்கிறது.

கேள்வி: குற்றாலத்தில் விடுதி நடத்துகிறோம். பங்குனியில் அளந்தபோது 2 லைன்களே போதும் என்று கணக்கு வந்தது.

பதில்: பங்குனியில் அளந்தால் அப்படித்தான் வரும். ஆனி, ஆடிச் சாரலில், அதுவும் வார இறுதிக்கு முந்தைய நாட்களில் அளந்து பாருங்கள். நாள் முழுவதற்கும் சராசரி எடுக்காமல், கால் மணி நேர வாரியாகப் பிரித்து, தொடர்ந்தாற்போல் அதிகம் வரும் நான்கு கால் மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று மாதத்துக்காக ஆண்டு முழுவதும் லைன் வாடகை கட்டத் தேவையில்லை, எஸ்.ஐ.பி. இணைப்பில் (இணையவழித் தொலைபேசி) சேனல்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வழி உண்டு.

கேள்வி: எர்லாங் என்பது ஆளின் பெயரா?

பதில்: ஆம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஆக்னர் கிராரூப் எர்லாங். 1909-இல் முதல் கட்டுரையையும், நாம் மேலே பயன்படுத்திய சூத்திரத்தை 1917-இலும் வெளியிட்டார்.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை. ஒவ்வொரு ஐப்பசியிலும் இடி இடித்தால் எக்சேஞ்ச் பெட்டியின் கார்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விடுகிறது. வெளி லைன்களுக்குக் காப்புப் போட்டும் பயனில்லை.

பதில்: போனது எந்தக் கார்டு என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் எக்ஸ்டென்ஷன் கார்டு என்றே தெரிகிறது. அலுவலகத்திலிருந்து நெல் குடோனுக்குத் தூண் வழியாகப் போகும் வயரில்தான் மின்னலின் தாக்கம் உள்ளே வருகிறது. கட்டடத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு ஜோடிக்கும், இரண்டு முனையிலும், குரோன் மாட்யூலில் (வயர்களைச் செருகி இணைக்கும் பட்டை) வாயுக் குழாய்க் காப்பு, அதாவது மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சிறு குழாய், செருக வேண்டும். எர்த் கம்பி எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஒரு ஆலையில் அதை ஜன்னல் கம்பியில் சுற்றி, மேலே பெயின்டும் அடித்து வைத்திருந்ததைக் கண்டேன். முறையான எர்த் குழியிலிருந்து தடித்த செம்புக் கம்பி நேராக எல்லா வயர்களும் வந்து சேரும் எம்.டி.எஃப். பெட்டிக்கு வரட்டும். காப்புக் குழாய்களும் அடி வாங்கி வாங்கிச் செத்துப்போகும். ஆண்டுதோறும் புரட்டாசியில் கழற்றிச் சோதித்து, போனவற்றை மாற்றிவிடுங்கள்.