தென்னையிலும் வாழையிலும் படிந்திருப்பது எரிமலைச் சாம்பலா?

கேள்வி: போன கார்த்திகையில் எத்தியோப்பியா எரிமலைச் சாம்பல் டெல்லி வரை வந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். இப்போது என் தென்னையிலும் ஊடே நட்ட ஏத்தன் வாழையிலும் கரிப்பொடி மாதிரி படிந்திருக்கிறது. அதுதானா இது? வாழை இலையை மாட்டுக்குப் போடலாமா?
– ஒரு விவசாயி, களக்காடு

பதில்: வணக்கம் அண்ணாச்சி. அது எரிமலைச் சாம்பல் இல்லை, பயப்படாதீர்கள். 2025 நவம்பர் 23-ல் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் போனது. அங்கே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகக்காற்று அதை ஏமன், ஓமன், அரபிக்கடல் தாண்டி, குஜராத், ராஜஸ்தான், டெல்லி வழியாகச் சீனப் பக்கம் கொண்டுபோய்விட்டது. நெல்லைச் சீமை அந்தப் பாதையிலேயே இல்லை.

சாம்பல் என்ற பேர்தான் குழப்புகிறது. அடுப்புச் சாம்பல் விறகு எரிந்து மிஞ்சுவது. எரிமலையில் வருவது பாறைக்குழம்பு வாயுவோடு வெடித்துச் சிதறி உறைந்த கல்தூளும் கண்ணாடித்தூளும். தண்ணீரில் கரையாது. பருந்தூள் பக்கத்திலேயே விழுந்துவிடும். நுண்தூள்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். விமான எஞ்சின் சூட்டில் அது உருகி ஒட்டிக்கொண்டால் எஞ்சினே நின்றுபோகும். அதனால்தான் அன்று விமானங்களை ரத்து செய்தார்கள்.

மாட்டுக்காக நீங்கள் கவலைப்பட்டது நியாயம்தான். 1783-ல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்தபோது அந்நாட்டு ஆடுமாடுகளில் பாதிக்கு மேல் மடிந்தன. சாம்பலோடு ஒட்டி வந்த ஃபுளூரின் புல்லில் படிந்து வயிற்றுக்குள் போனது அதற்கு முக்கியக் காரணம். சாம்பல் விழுகிற ஊரில் கால்நடையைத் தொழுவத்திலேயே கட்டி, மூடிவைத்த தண்ணீரும் தீவனமும்தான் கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் தோப்புக்கு வருவோம். ஓலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாக இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. சாற்றை உறிஞ்சி அது கழிக்கிற தேன் போன்ற பிசின் கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கிறது. நகத்தால் சுரண்டினால் படலமாக உரியும். கல்தூள் என்றால் நறநறக்கும்.

மருந்துக் கடையில் கொடுப்பதை வாங்கி அடித்துவிடாதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும். 5 அடி நீளம், ஒன்றரை அடி அகல மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு 8 இடத்தில் கட்டுங்கள். பூச்சி இருக்கும் ஓலையின் அடிப்பக்கம் நனையும்படி விசைத்தெளிப்பானால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கரிப்படலத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசையைத் தெளித்தால், காய்ந்ததும் அதோடு உரிந்து விழும்.

வாழை இலையை நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுக்குப் போடுங்கள். ஏற்கெனவே பூச்சிமருந்து அடித்திருந்தால் மட்டும் வேண்டாம்.