வாடகை வந்தால் இஎம்ஐ கட்டிவிடலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. ஓசூரில் இரண்டு போர்ஷன் வீடு ஒன்று 50 லட்சத்துக்கு வருகிறது. போர்ஷனுக்கு 9,000 வாடகை. கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வீட்டுக்கடன். "வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும், பத்து மாத அட்வான்ஸ் வேறு கைக்கு வரும்" என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு, இவ்வளவு கடன் வாங்கி, வேண்டாம்.

தரகர் பத்திரச் செலவைப் பற்றிப் பேசவில்லை பாருங்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். அப்படியானால் கடன் கிட்டத்தட்ட 35 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 30,400 ரூபாய் வரும். வாடகை 18,000. இதிலேயே 12,000 துண்டு விழுகிறது.

உங்களுக்கு 20 வருடம் கிடைப்பதும் சந்தேகம்தான். சம்பளக்காரர்களுக்குப் பல வங்கிகள் ஓய்வு வயதை ஒட்டித்தான் தவணைக்காலம் தருகின்றன. 60 வயதுக்குள் முடிக்க 13 வருடம்தான். அப்போது தவணை 37,000ஐத் தாண்டும்.

வாடகையும் முழுசாக நிற்காது. ஆள் மாறும்போது வருடத்தில் ஒரு மாதம் காலி, வீட்டுவரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் போனால் மாதம் 15,000 மிஞ்சும். கடனும் பத்திரச் செலவும் சேர்த்துப் போட்ட மொத்தப் பணத்துக்கு இது வருடத்துக்கு 3.3 சதவீதம். எட்டரை வட்டிக்கு வாங்கி மூணே கால் சம்பாதிப்பது எந்தக் கணக்கு? மனை விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மிச்சம். ஓசூரில் அது வீண் நம்பிக்கை இல்லை. சிப்காட், டைட்டன், அசோக் லேலண்ட் என்று ஆலைகளும் பெங்களூரும் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஏறும் விலை மாதாமாதம் தவணை கட்டாது.

வரிச்சலுகைக் கதையும் சொல்வார்கள். வாடகையில் 30 சதவீதக் கழிவு உண்டு, வட்டியையும் கழிக்கலாம். முதல் வருட வட்டியே சுமார் 2.95 லட்சம் என்பதால் கணக்கில் நஷ்டம் காட்டும். பழைய வரிமுறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் 2 லட்சம் வரை ஈடுகட்டலாம். புதிய முறையில் முடியாது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, எவ்வளவு கடன் வாங்கினால் தாங்கும்? 13 வருடத்தில் மாதம் 15,000 என்றால் 14 லட்சம். உங்கள் 20 லட்சத்தோடு சேர்த்து, பத்திரச் செலவு போக, 31 லட்சத்துக்குள் வீடு வேண்டும். அந்த விலைக்கு ஓசூரில் இதே வாடகை தரும் வீட்டை நான் எதிர்பார்க்க மாட்டேன். கிருஷ்ணகிரியில் சொந்த மனை ஏதும் இருந்தால், அதில் இரண்டு போர்ஷன் கட்டுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியும் அந்த வீட்டின் மேல்தான் மனசு என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை டு-லெட் போர்டு தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாடகை கொடுக்கிறார், கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்று விசாரியுங்கள். தரகரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டு, கட்டட அனுமதி இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்துத்தானா என்பதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம் அந்த அட்வான்ஸ். அது உங்கள் பணமே இல்லை, காலி செய்யும் நாளில் எடுத்து வைக்க வேண்டியது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறாகப் பேசிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வாங்கினால் வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். கடனில் கட்டிவிட்டு, பிறகு திருப்பித் தரக் கைமாற்று தேடாதீர்கள்.