ஆடு மேய்ப்பவரிடம் கேட்டிருக்கலாம்

கேள்வி: நான் ஓர் ஆய்வு மாணவி. அறிவியல் புரியாததால்தான் மக்கள் விஞ்ஞானிகளை நம்ப மறுக்கிறார்கள் என்று என் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். எளிமையாகப் பேச விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் நம்பிக்கை வந்துவிடும்தானே?

பதில்: வராது. எளிமையாகப் பேசப் பழகுவது நல்லதுதான், அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "புரியாததால் நம்பவில்லை" என்பதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். நன்றாகப் புரிந்துகொண்டதால் நம்பிக்கை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. சில நாள் கழித்துப் பெய்த மழையோடு கதிரியக்கச் சீசியம் வட இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் வந்து இறங்கியது. ஜூன் மாதம் அங்கே ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை போட்டார்கள். மூன்றே வாரம், அதற்குள் ஆட்டின் உடம்பில் சீசியம் குறைந்துவிடும் என்றார்கள். களிமண் நிலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு ஏற விடாது. மலைமேல் இருந்ததோ பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்து உருவான ஈர மண். அதில் சீசியம் வேர் வழியாகத் திரும்பத் திரும்பப் புல்லுக்கு வந்துகொண்டே இருந்தது. மூன்று வாரம் என்று தொடங்கிய கட்டுப்பாடு கடைசிப் பண்ணைகளை விட்டு நீங்கியபோது 2012 ஆகிவிட்டது.

கணக்கு தப்பியதைக்கூட மன்னிக்கலாம். அடுத்து நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பென்டோனைட் என்ற களிமண்ணை நிலத்தில் தூவினால் சீசியம் குறைகிறதா என்று பார்க்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதனை நடத்தினார்கள். திறந்த மலையில் அலைந்து மேயும் ஆட்டை அடைத்துப் போட்டால் இளைத்துப்போகும், சோதனை தேறாது என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அதே காரணத்துக்காகச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. நீங்கள் சொன்னது சரிதான் என்று அவர்களிடம் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்த விவசாயிகளிடம் பேசிப் பதிவு செய்தவர் பிரையன் வின் என்ற சமூகவியலாளர். சந்தேகத்துக்கே இடமில்லாதது போல நிபுணர்கள் பேசிய தோரணைதான் அவர்களுடைய நம்பிக்கையைக் குலைத்தது. மழையையும் சந்தை விலையையும் பார்த்துப் பிழைப்பவர்களுக்கு நிச்சயமின்மை என்ன புதிதா? "இன்னும் உறுதியாகத் தெரியவில்லை" என்ற ஒரு வார்த்தையை அவர்கள் தாங்கியிருப்பார்கள்.

எண்களைச் சொல்லும் விதமும் இதில் சேர்ந்ததுதான். 1995-இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்று எச்சரித்தார்கள். பொய் இல்லை. ஆனால் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. "இரண்டு மடங்கு" என்பது எவ்வளவு எளிமையான சொல், பாருங்கள். எளிமை மட்டும் காப்பாற்றாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் துறையில் பயிற்சி நடத்தப் போகிறார்கள் என்றால் ஒன்று கேளுங்கள். விஷயம் யாருடைய உடம்பையும் பிழைப்பையும் தொடுகிறதோ, அவர்களை அழைத்து வந்து முதல் ஒரு மணி நேரம் பேச விடுங்கள். விஞ்ஞானிகள் குறுக்கே பேசாமல் குறிப்பெடுக்கட்டும். அப்புறம், "இது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இன்ன சோதனை நடக்கிறது, இன்ன தேதியில் வந்து சொல்கிறோம்" என்று கூச்சமில்லாமல் சொல்லிப் பழகட்டும். பூசி மெழுகாமல் இதைச் சொல்வதுதான் படித்தவர்களுக்கு மிகக் கடினம். சொன்ன தேதியில் கட்டாயம் போக வேண்டும். முடிவு வரவில்லையா? வரவில்லை என்று சொல்வதற்காகவாவது போக வேண்டும்.