கசடு கொட்டிய மேடு பாறையாக இறுகுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எப்படிப் பார்ப்பது?

ராணிப்பேட்டை பக்கம் உலைக்கசடு கொட்டி நிரப்பிய மேட்டில் கடப்பாரையே இறங்கவில்லை, அதை எஸ்.இ.எம்.மில் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) வைத்தால் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். எது ஒட்டவைத்தது, எந்த வரிசையில் ஒட்டியது, இரண்டுமே தெரியும். சாம்பிளைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை.

முதலில் ஒன்று. மண்ணிலோ தேங்கிய நீரிலோ மஞ்சள் கசிவு தெரிந்தால் கை வைக்காதீர்கள். குரோமியம்-6 ஆக இருக்கலாம், அது புற்றுநோய் தரும் நஞ்சு. ஈ.டி.எஸ். (நுண்ணோக்கியோடு இணைந்து, எக்ஸ்-கதிரை வைத்துத் தனிமங்களைக் காட்டும் கருவி) குரோமியம் இருப்பதைக் காட்டுமே தவிர, 3ஆ 6ஆ என்று பிரித்துச் சொல்லாது.

கட்டியைப் பெயர்க்கும் முன்பே மேல்பக்கம் எது என்று பெயின்ட்டில் அம்பு போட்டுவிடுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது. உலர்த்துவது 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். மண் பரிசோதனைக் கூடப் பழக்கத்தில் 105 டிகிரி அடுப்பில் வைத்தால் எட்ரிங்கைட் (நீர் நிறைந்த கால்சியம்-அலுமினியம் சல்பேட் கனிமம்) நீரை இழந்து சிதைந்துவிடும், ஜிப்சமும் மாறிவிடும்.

ஒரு துண்டை உடைத்து, அந்தப் புதுமுகத்தில் தங்கம் பூசிப் படிக வடிவத்தைப் பாருங்கள். இன்னொன்றை வெற்றிடத்தில் எபாக்சி (இறுகும் பிசின்) ஊட்டி, ஒரு நாள் இறுகவிட்டு, 320, 600, 1200 தாளில் தேய்த்து, பிறகு 6, 3, 1 மைக்ரான் வைரப் பசையில் பாலிஷ் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கரையும் உப்பெல்லாம் போய்விடும், எத்தனால் போதும். பாலிஷ் துண்டுக்குக் கார்பன் பூச்சுதான் சரி. ஈ.டி.எஸ். வரைபடத்தில் தங்கத்தின் சிகரம் 2.12 கே.ஈ.வி.யில் (எக்ஸ்-கதிர் ஆற்றலின் அலகு) விழும், கந்தகம் 2.31. பக்கத்துப் பக்கத்தில் நின்று குழப்பும். கார்பன் பூசினால் கார்பனேட்டை ஈ.டி.எஸ்.ஸில் நிரூபிக்க முடியாது, அதற்குப் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. சோதனை வேண்டும்.

15 கே.வி.யில் பி.எஸ்.ஈ. படம் (பின்சிதறும் எலக்ட்ரான் படம், கனமான தனிமம் பளிச்சென்று தெரியும்) எடுங்கள். இரும்பு மிகுந்த மணி பளிச்சென்றும், கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) சாம்பல் நிறமாகவும், எபாக்சி நிறைந்த துளை கறுப்பாகவும் தெரியும். ஒரு கசடு மணியைச் சுற்றியுள்ள விளிம்பை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். மழைநீர் கசட்டிலிருந்து கால்சியத்தைக் கரைத்தெடுக்க, காற்றின் கரியமிலவாயு அதைக் கால்சைட்டாகப் படியவைக்கிறது. விளிம்பு சுற்றிலும் ஒரே தடிமனாக இருந்தால் துளை முழுக்க நீர் நின்ற இடம். மணியின் அடியில் மட்டும் தொங்கினாலோ, இரு மணிகள் தொடும் இடத்தில் குழிந்து நின்றாலோ, நீர் சொட்டி வடிந்த இடம். அம்பு போடாவிட்டால் இந்த அடி எது என்றே தெரியாது.

ஏமாற்றுபவையும் உண்டு. உள்ளே எதுவும் படியாத கூர்மையான விரிசல் பெரும்பாலும் உலர்த்தியதிலோ வெற்றிடத்திலோ வந்தது. துளையில் மாட்டிய சிலிக்கான் பெரும்பாலும் தேய்ப்புத்தாளின் கார்பைடு. உண்மையான பாலாற்று மணலாக இருந்தால் சிலிக்கானோடு ஆக்சிஜன் சிகரமும் சேர்ந்து வரும். நம்மூர் மண்ணோடு வந்த சுக்கான் கல்லும் கால்சைட்தான்; ஆனால் அது தனி உருண்டையாக நிற்கும், கசடு மணியை அணைத்து வளர்ந்திருக்காது. இரண்டு மைக்ரானுக்குக் குறைந்த படிகத்தில் வரும் ஈ.டி.எஸ். எண்ணில் பக்கத்துப் பொருளும் கலந்திருக்கும்.

வயது நுண்ணோக்கியில் வராது. இங்கிலாந்தின் டெர்வென்ட் ஹவ் கடற்கரையில் இறுகிய கசடுக்குள் 1934ஆம் ஆண்டு நாணயமும், 1989க்கு முந்தியிருக்க முடியாத அலுமினிய டப்பாவின் திறப்பு வளையமும் கிடைத்ததால்தான், 35 ஆண்டுக்குள் பாறையாகியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. உங்கள் கட்டிக்குள் தேதி அச்சிட்ட பால் பாக்கெட் தெரிந்தால் பிடுங்கி எடுக்காதீர்கள். இருந்தபடியே படமெடுத்து, அதோடு சேர்த்தே எபாக்சி ஊட்டி வெட்டுங்கள். மணிகளை ஒட்டவைத்த கனிமம் அந்தப் பாக்கெட்டின்மேல் ஒட்டியிருப்பது படத்தில் தெரிய வேண்டும்.